சாவி யார் கையில்?

சுங்கை ஊடாங் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. இன்னொன்று ராணுவ முகாம். பக்கத்திலேயே தெரெண்டாக் முகாமும் இருப்பதால் பச்சைச் சீருடை நமக்குப் பழகிப்போன காட்சி. ராணுவத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் வீரர் தன் துப்பாக்கியை ஆயுதக் கிடங்கில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எண்ணிப் பார்த்து, பதிவு செய்து, பூட்டி வைப்பார்கள். நாட்டையே நம்பி ஒப்படைத்திருக்கும் ஆளிடம்தான், "இதை வீட்டுக்குக் கொண்டு போகாதே" என்றும் சொல்கிறார்கள். அதைக் கேட்டு எந்த வீரரும், "என்னைச் சந்தேகப்படுறீங்களா?" என்று கோபித்துக்கொள்வதில்லை.

நம் வீடுகளில் நிலைமை வேறு. தோட்டத்தில் பயன்படுத்தும் களைக்கொல்லி, எலி மருந்து, பாட்டி சாப்பிடும் மாத்திரைகள் என்று உயிருக்கு ஆபத்தான பொருள்கள் வீட்டில் எங்கெங்கோ கிடக்கின்றன. வீட்டில் ஒருவர் மனம் உடைந்து கிடக்கும்போதுகூட அவற்றை எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும் செய்யத் தயங்குகிறோம். "பெரிய ஆளு, அவருக்குத் தெரியாதா?" "நாம எடுத்து வச்சா அவரு மனசு சங்கடப்படாதா?" என்கிறோம்.

இந்தக் கட்டுரையின் கேள்வி இதுதான். மனம் உடைந்த ஒருவரின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து ஆபத்தான பொருளை எடுத்து வைப்பது நம் கடமையா? இல்லை, அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதா?

நமக்குத் துப்பாக்கி ஏது?

அமெரிக்காவில் மனநல விழிப்புணர்வு இயக்கங்கள் பேசும்போது துப்பாக்கியைப் பற்றியும் சேர்த்தே பேசுகின்றன. அங்கே துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தற்கொலையால் இறப்பவர்கள். அதனால், "துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள், தோட்டாவைத் தனியே வையுங்கள், வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லை என்றால் கொஞ்ச நாளைக்கு நம்பிக்கையான நண்பரிடம் கொடுத்து வையுங்கள்" என்று பிரசாரம் செய்கிறார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் துப்பாக்கிக் கடைக்காரர்களே இந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள்.

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனையை இன்னும் கடுமையாக்கியது. காட்டுப்பன்றி விரட்ட உரிமம் வாங்கிய சிலரைத் தவிர, நம் சனங்களின் வீட்டில் துப்பாக்கியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால், "இது நம்ம பிரச்சினை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா?

முடியாது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் காரணம் தெரியும். நம் லயத்து வீடுகளில் துப்பாக்கி இருந்ததில்லை, போத்தல் இருந்தது. ரப்பர் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் களைக்கொல்லி அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் வீட்டுப் பெண்கள். அந்த வேலைக்கு நாம் வைத்த பெயரே "மருந்தடிக்கிறது". விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்துவிட்டோம். மருந்து என்று சொல்லிச் சொல்லியே அதன்மேல் இருக்க வேண்டிய பயம் போய்விட்டது. குடிதண்ணீர் போத்தலில் மிச்சத்தை ஊற்றி வைப்பதும், குசினி மூலையில் வைப்பதும் சாதாரணமாகிவிட்டன.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டப் பெண்களின் உடல்நலத்துக்காக ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையில் தெனாகானித்தா அமைப்பு இதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. 2002இல் அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006இல் தடை தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. முதல் அறிவிப்புக்கும் முழுத் தடைக்கும் நடுவில் ஏறக்குறைய 18 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த 18 ஆண்டுகளில் தோட்டங்களில் நடந்த சாவுகளை நாம் விதி என்று சொல்லித்தான் அழுதோம்.

2007இல் நம் நாட்டில் தேசியத் தற்கொலைப் பதிவேடு தொடங்கப்பட்டது. மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய 7 விழுக்காடுதான். ஆனால் தற்கொலை விகிதத்தில் மற்ற இனங்களைவிட இந்தியர்களே மேலே இருந்ததை அந்தப் பதிவேடு காட்டியது. பட்டியலில் முதலிடம் வரவேண்டிய விஷயமா இது?

விதி என்றால் குறையுமா?

இப்படிப் பேச்சு எடுத்தாலே ஒரு பதில் வரும். "சாகணும்னு முடிவு பண்ணவன யாரால தடுக்க முடியும்? இது இல்லன்னா வேற வழியில போவான்." கோயில் திண்ணையிலும் சாவு வீட்டிலும் இதே பேச்சுதான். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் அது உண்மை இல்லை.

இலங்கையைப் பாருங்கள். 1995இல் அங்கே ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக மோசமான நிலைகளில் அதுவும் ஒன்று. கிராமங்களில் பூச்சிமருந்துதான் பெரும்பாலான உயிர்களை எடுத்தது. அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை போட்டது. 1984இல் பாரத்தியான், 1995இல் மிகக் கொடிய வகையைச் சேர்ந்த மருந்துகள், 1998இல் எண்டோசல்பான், 2008க்கும் 2011க்கும் இடையில் பாராகுவாட் உள்ளிட்ட மூன்று. இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் 70 விழுக்காட்டுக்கும் மேல் இறங்கியது. சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நெல் விளைச்சல் குறையவில்லை.

அந்த இருபது ஆண்டுகளில் இலங்கையில் போர் நடந்தது. 2004இல் சுனாமி வந்தது. சனங்களின் கவலை குறையவில்லை. கடன், குடும்பச் சண்டை, குடி எல்லாம் அப்படியேதான் இருந்தன. மாறியது ஒன்றுதான். ஆத்திரமும் துக்கமும் உச்சத்துக்கு ஏறிய அந்த நேரத்தில் கைக்கெட்டிய பொருள், முன்பு இருந்த அளவு கொடியதாக இல்லை. உயிர் தப்பியவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சாவு ஒவ்வொருவர் தலையிலும் எழுதப்பட்டதுதான் என்றால், அரசாங்கம் போட்ட ஒரு தடையால் அந்த எழுத்து எப்படி அழிந்தது?

இஸ்ரேல் ராணுவத்திலும் இதையே பார்த்தார்கள். அங்கே இளம் வீரர்கள் வார இறுதி விடுப்பில் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போவது வழக்கம். 2006இல் அந்த வழக்கத்தை மாற்றி, துப்பாக்கியை முகாமிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வீரர்களின் தற்கொலை விகிதம் சுமார் 40 விழுக்காடு குறைந்தது. குறைந்தது பெரும்பாலும் வார இறுதிகளில்தான். வார நாள்களில் பெரிய மாற்றம் இல்லை.

இன்னொரு உண்மையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு முறை முயன்று உயிர் பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல், பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. அவர்கள் கல்யாணம் செய்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள், மாசி மகத்துக்குச் சன்னாசிமலைக்கு வந்து காவடி பார்க்கிறார்கள். "முடிவு பண்ணிட்டான்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் முடிவே இல்லை, கடந்து போகக்கூடிய ஒரு நேரம். அந்த நேரத்தைக் கடக்க உதவுவதுதான் நம் வேலை.

பூட்டு போட்டால் போதுமா?

சரி, வீட்டுக்கு வீடு ஒரு பெட்டியும் பூட்டும் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். இலங்கையிலேயே அதையும் செய்து பார்த்தார்கள். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, பாதிக் கிராமங்களில் பூச்சிமருந்து வைக்கப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். மொத்தம் 53,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2017இல் முடிவு வந்தது. பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இந்த முடிவை மறைக்கக் கூடாது. விழிப்புணர்வு என்ற பெயரில் துண்டுப்பிரசுரம் கொடுத்து, பெட்டி கொடுத்து, படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டு, "கடமை முடிஞ்சிருச்சு" என்று நினைக்கும் பழக்கம் நமக்கும் உண்டு.

தமிழ்நாட்டில் வேறு மாதிரி முயன்றார்கள். 1986இல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா' அமைப்பு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்துக்கு ஊர்ப் பொதுக் கிடங்கு கட்டியது. ஒவ்வொரு விவசாயிக்கும் அதில் தனித்தனிப் பெட்டி. கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஆள். வேண்டியபோது போய் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் மிச்சத்தைத் திருப்பி வைக்க வேண்டும். கிடங்கு இல்லாத இரண்டு கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். கிடங்கு இருந்த கிராமங்களில் தற்கொலைகள் நன்றாகக் குறைந்திருந்தன. நான்கே கிராமங்களில் நடந்த சின்ன ஆய்வு இது. இதை வைத்து ஊர் உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் யோசிக்க நிறைய இருக்கிறது.

அங்கேயும் பூட்டு, இங்கேயும் பூட்டு. ஒன்று பலன் தரவில்லை, இன்னொன்று தந்தது. எனக்குப் படுவது இது: வீட்டுப் பெட்டியின் சாவி அதே வீட்டுக்குள்தான் இருக்கிறது. எங்கே மாட்டியிருக்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பொதுக் கிடங்கு அப்படி இல்லை. எழுந்து, சட்டை போட்டு, தெருவில் நடந்து போக வேண்டும். வழியில் நாலு பேரைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு முகம் இருக்கும். "என்னப்பா, இந்த நேரத்துல வந்துருக்க? முகமே சரியில்லையே?" என்று கேட்கும். அந்தக் கேள்வியை எந்தப் பூட்டும் கேட்காது.

ஆக, இரும்பு மட்டும் காவல் இல்லை. நடுவில் இருக்கும் தூரமும், அந்தத் தூரத்தில் எதிர்ப்படும் மனிதரும்தான் காவல். சாவி இன்னொருவர் கையில் இருக்கும்போதுதான் பூட்டுக்கே பொருள் வருகிறது.

அது அவமானமா?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு பெரிய ஆளின் வீட்டிலிருந்து ஒரு போத்தலை, "இது கொஞ்ச நாளைக்கு என்கிட்ட இருக்கட்டும்ணே" என்று எடுத்துக்கொண்டு போவது அவரை அவமதிப்பதா?

அவருடைய உரிமை என்று ஒன்று இருக்கிறது. அதைத் தூக்கி எறிந்துவிட முடியாது. நினைத்த நேரத்தில் அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து அலமாரியைத் திறக்கும் உரிமை யாருக்கும் இல்லை. அதனால்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒளித்து எடுப்பதைவிட, "அண்ணே, உங்க மேல எனக்கு அக்கறை இருக்கு, அதனாலதான் கேட்குறேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்வதில் மரியாதை இருக்கிறது. உயிர் போகும் அவசரம் என்றால் வேறு கதை. அப்போது மரியாதை பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. தனியே விடாமல் கூட இருந்து 999ஐ அழைக்க வேண்டும்.

"யாருக்கும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஒரு நண்பன் தன் மனதில் இருப்பதைச் சொல்கிறான் என்று வையுங்கள். வாக்கைக் காப்பாற்றுவது தர்மம்தான். ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்றி அவனைக் காப்பாற்ற முடியாமல் போனால், அந்த வாக்கை யாருக்காகக் காப்பாற்றினோம்? கோபித்துக்கொண்டு ஆறு மாதம் பேசாமல் இருக்கும் நண்பன், உயிரோடு இருக்கும் நண்பன்.

நம் புராணத்தில் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பாண்டவர்கள் அஞ்ஞாத வாசத்துக்காக விராட நகரத்துக்குள் நுழையும் முன் தங்கள் ஆயுதங்களை எல்லாம் மூட்டையாகக் கட்டி வன்னி மரத்தில் வைத்தார்கள். யாரும் பக்கத்தில் வராதபடி, பிணத்தைக் கட்டித் தொங்கவிட்டிருப்பதாக ஊரை நம்ப வைத்தார்கள். அவர்கள் அப்படிச் செய்தது அடையாளத்தை மறைக்கத்தான். ஆனாலும் பாருங்கள். அவமானம் மிகுந்த அந்த ஓராண்டு முழுவதும் காண்டீபம் அர்ச்சுனன் கைக்கு எட்டவில்லை. அதனால் அவன் வீரம் குறைந்துவிட்டதா? காலம் வந்தபோது மரத்துக்குப் போய்த் தன் வில்லைத் திரும்ப எடுத்துக்கொண்டான். ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, கத்தி, மோட்டார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும் நாம், ஆயுதத்தைக் கொஞ்ச காலம் மரத்தில் ஏற்றி வைத்ததையும் நினைத்துப் பார்க்கலாம். கொஞ்ச காலம் விட்டு வைப்பது தோல்வி இல்லை.

அசோகவனத்துச் சீதையையும் நினைத்துப் பாருங்கள். இனி உயிர் வாழ வேண்டாம் என்று அவள் நினைத்த அந்த நேரத்தில்தான் அனுமன் வந்தான். வந்தவன் அவளைப் பார்த்து, "கோழை" என்று சொல்லவில்லை. "பாவம் செய்யப் பார்த்தாயே" என்று திட்டவில்லை. இராமன் பெயரைச் சொன்னான், மோதிரத்தைக் கொடுத்தான். 'உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்' என்ற செய்தியைக் கொண்டுவந்தான். சீதையின் சிறை அன்று திறக்கவில்லை. ஆனால் காத்திருக்க அவளுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

நாமோ நேர்மாறாக நடக்கிறோம். "தைரியமா இரு", "இதுக்குப் போயா?", "நமக்கெல்லாம் கஷ்டம் இல்லையா?" என்று பேசுகிறோம். சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டே, "ஆத்மா சாந்தி அடையாது" என்று பெற்றவள் காதில் விழும்படி சொல்கிறோம். 2023இல் நம் நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நீக்கிவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரை ஓராண்டு வரை சிறையில் போட இடம் கொடுத்த பிரிவு அது. சட்டமே அவர்களைக் குற்றவாளி என்று சொல்வதை நிறுத்திவிட்டது. நம் வாய்தான் இன்னும் நிறுத்தவில்லை.

காரணம் அப்படியே இருக்கிறதே?

சிலர் கேட்பார்கள்: "ஆலோங் கடன், வேலையில்லாத் திண்டாட்டம், தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பம், வீட்டில் அடி உதை இதையெல்லாம் விட்டுவிட்டுப் போத்தலை ஒளிச்சு வச்சா தீர்ந்துருமா?" நல்ல கேள்வி. தீராது. தடையும் கிடங்கும் கடனை அடைக்காது, குடிகாரக் கணவனைத் திருத்தாது. ஆனால் கடனை அடைக்க வழி காட்டுவதும், வேலை தேடிக் கொடுப்பதும், சிகிச்சைக்கு அழைத்துப் போவதும் உயிரோடு இருப்பவருக்கு மட்டுமே முடியும். போத்தலை எடுத்து வைப்பது முதல் வேலை. அதோடு நிறுத்திக்கொண்டால், மிச்சக் கடமையிலிருந்து நாம் தப்பிக்கிறோம் என்று பொருள்.

தம்பி தங்கைகளே, சுங்கை ஊடாங், தங்கா பத்து, மஸ்ஜிட் தானா, அலோர் காஜா, ஜாசின் என்று எங்கே நம் கிளை இருந்தாலும் சில வேலைகளைக் காசு செலவில்லாமல் செய்யலாம். தோட்டத்திலும் கம்போங்கிலும் மருந்தடிக்கும் வேலை செய்யும் குடும்பங்களைப் போய்ப் பாருங்கள். மிச்ச மருந்தை வீட்டுக்குக் கொண்டுவராமல் வேலையிடத்து ஸ்டோரிலேயே விட மண்டோரிடம் சேர்ந்து பேசுங்கள். தடை செய்யப்பட்ட பழைய சரக்கு யார் வீட்டிலாவது கிடந்தால், அதைக் கையாளாமல் விவசாய இலாகாவில் கேட்டு ஒப்படைக்கச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லை என்றால், மாத்திரைகளை இன்னொருவர் பொறுப்பில் வைத்து வேளைக்கு வேளை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேளுங்கள். "உயிரை விட்டுடணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். கேட்பதால் எண்ணம் வராது. பலருக்கு, யாரோ ஒருவர் கேட்டுவிட்டாரே என்று நெஞ்சு லேசாகும். கேட்டுவிட்டு உடனே புத்தி சொல்லாதீர்கள். காதைக் கொடுங்கள். பிறகு அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555 இருக்கிறது. 1970இல் கோலாலம்பூரில் தொடங்கிய பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. இந்த இரண்டு எண்களையும் கோயில் அறிவிப்புப் பலகையில் திருவிழா நோட்டீசுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

இந்த வரிகளைப் படிப்பவர்களில் ஒருவருக்கே இப்போது அந்த நிலை இருக்கலாம். அவருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் உங்களைப் பயமுறுத்தும் பொருள் ஏதாவது இருந்தால், அதை இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். "கொஞ்ச நாளைக்கு இத வச்சிருங்க" என்று சொன்னால் போதும். காரணம் சொல்லத் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை. கேட்கும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ புரிந்துவிடும்.

மானிடப் பிறவி பெறுதற்கரியது என்று நம் சமயம் சொல்கிறது. அரிய பொருளை யாரும் தனி ஆளாகக் காவல் காப்பதில்லை. கோயில் நகைப் பெட்டிக்கே இரண்டு பேரிடம் சாவி கொடுத்து வைக்கிறோம். உயிருக்கு ஒரு சாவி போதும் என்று எப்படி நினைத்தோம்?